ஏரி, காடு, பழைய மாளிகை மூன்றும் ஒரே நடையில்: அயர்லாந்தில் எங்கே போகலாம்?

தூறல்

ஜூன் கடைசியில் மாமனாரும் மாமியாரும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். மாமனார் நன்றாக நடப்பார். மாமியாருக்கு முழங்கால் தகராறு. சமதளம் என்றால் சரி, படிக்கட்டைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார். கூடவே எட்டு வயசுப் பையன், அவனுக்கு ஏறிக் குதிக்க ஏதாவது வேண்டும். இருப்பது டப்ளினில், கார் கிடையாது.

ஏரி, காடு, பழைய பெரிய மாளிகை, மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கிற மாதிரி எங்கே போகலாம்? எல்லோரும் கில்லார்னி கில்லார்னி என்கிறார்கள், அது தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில். பக்கத்திலேயே விக்லோ இருக்கும்போது அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அப்புறம், காட்டில் பாம்பு உண்டா என்று மாமியார் இப்போதே கேட்டுவிட்டார்.

கெர்ரிக்காரன்

பாம்பு இல்லை. அயர்லாந்துக் காட்டில் பாம்பே கிடையாது. புனித பேட்ரிக் விரட்டிவிட்டார் என்பது கதை. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது, பாம்பு வந்து சேருவதற்குள் தீவு தனியாகிவிட்டது என்பது அறிவியல். அம்மாவுக்கு எது பிடிக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே இடத்தில் என்றால் கில்லார்னியில் மக்ராஸ் ஏரியைச் சுற்றுகிற பாதைதான். நான் இங்கே குடியிருக்கிறவன், பாரபட்சம் இருக்கும், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முழுச் சுற்று சுமார் 10 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். மக்ராஸ் மாளிகையில் ஆரம்பித்து மேற்கே நடந்தால் வலது பக்கம் பெரிய ஏரி லாக் லேன், இடது பக்கம் மக்ராஸ் ஏரி, நடுவே குறுகலான நிலத்தில் நம் பாதை. அந்த நிலத்தில்தான் ரீனாடினா என்ற யூ (yew) மரக்காடு இருக்கிறது, யூ என்பது என்றும் பச்சையாக இருக்கும் ஊசியிலை மரம். யூ மரம் மட்டுமே நிறைந்த காடு ஐரோப்பாவிலேயே அபூர்வம். உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறையும். தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மண் விரல்கடை ஆழம்கூட இருக்காது. வேர்கள் பாறையைக் கவ்விக்கொண்டு, அது பிளந்த இடத்தில் உள்ளே இறங்கி, அடுத்த பிளவில் வெளியே வரும். பாறை, வேர், விழுந்த மரம் எல்லாவற்றையும் ஒரே பச்சைப் பாசி மூடியிருப்பதால் எது கல், எது வேர் என்று கால் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நிழல் அவ்வளவு அடர்த்தி என்பதால் கீழே புல்பூண்டு முளைப்பதில்லை. சுண்ணாம்புப் பாறை முடிந்து மணற்கல் தொடங்கும் இடத்தில் யூ நின்றுபோய் ஓக் ஆரம்பிக்கும். அந்த மாற்றத்தை நடந்துகொண்டே பார்க்கலாம்.

அடுத்து பிரிக்கீன் பாலம், அதைத் தாண்டி டினிஷ் குடில், லாக் லேன், மக்ராஸ், மேல் ஏரி என்ற மூன்று ஏரிகளின் தண்ணீரும் சேரும் இடம். திரும்பும் வழி கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும், அது மட்டும் சுமார். டார்க் அருவி அந்தப் பக்கத்தில்தான், சுமார் 20 மீட்டர் உயரம். அங்கிருந்து மேலே ஏறப் படிகள் உண்டு. மாமனாரும் பையனும் ஏறட்டும்.

அம்மாவுக்கு மக்ராஸ் வளாகத்துக்குள் குதிரை வண்டி இருக்கிறது. ஓட்டுகிறவர்களை ஜார்வி என்பார்கள். ஏறுவதற்கு முன்னால் எங்கே வரைக்கும், எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். வாய் ஓயாமல் கதை சொல்வார்கள், பாதியை நம்பலாம்.

சும்மா_சுத்துறவன்

ஜூனில் கில்லார்னியா? டூரிஸ்ட் பஸ் வரிசையைப் பார்த்ததுண்டா? கிளெண்டலாக் போங்க ப்ரோ. டப்ளினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு ஏரி, 6ஆம் நூற்றாண்டுத் துறவி கெவின் பெயரில் வளர்ந்த மடாலயம், 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம். ஸ்பின்க் என்ற மலைமுகட்டில் ஏறினால் மேலேயிருந்து மேல் ஏரி முழுசும் தெரியும்.

பாதசாரி

ஸ்பின்க் ஏற்றத்தில் ரயில்வே ஸ்லீப்பர் கட்டையால் போட்ட படிகள் அறுநூறுக்கு மேல். படிக்கட்டைப் பார்த்தாலே உட்காருகிற அம்மாவுக்கு அதைச் சிபாரிசு செய்கிற தைரியம் உங்களுக்குத்தான் வரும். 😀

ஆனால் கிளெண்டலாக்கை அப்படியே ஒதுக்க வேண்டாம். கீழ் ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதையும் சதுப்பின் மேல் மரப்பலகை நடையும் இருக்கின்றன. பெரியவர்கள் அதில் மெதுவாக நடக்கலாம். மற்றவர்கள் வெள்ளைக் குறியிட்ட ஸ்பின்க் பாதையில் போகலாம். அது 9 கிலோமீட்டர் வரும், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மேலே ஏறி, கிளெனீலோ பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் ஏரியின் மேற்கு முனையில் பழைய ஈயச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் இடிபாடுகள். துறவி தனிமை தேடி வந்த இடத்தில் பிற்காலத்தில் ஈயம் தோண்டியிருக்கிறார்கள். போஸ்ட்கார்டில் அந்தப் பக்கத்தைப் போடமாட்டார்கள்.

ஒரே குறை, மாளிகை கிடையாது. காலை பதினோரு மணிக்கு மேல் கூட்டமும் கில்லார்னிக்குச் சளைத்ததில்லை.

ரதி_விக்லோ

கார் இல்லை என்று சொல்லியிருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஆவன்டேல் போங்கள் தூறல். டப்ளின் கானலி நிலையத்தில் ராஸ்லேர் ரயில் ஏறி ராத்டிரமில் இறங்கினால் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ரயில் பிரே மலையடியில் கடலை ஒட்டிப் போகும், போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான். திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே மரங்களுக்கு நடுவே உயரத்தில் பலகை நடைபாதை ஒன்று 2022இல் திறந்தார்கள். சரிவு அவ்வளவு மென்மை, சக்கர நாற்காலியே போகும். அம்மாவுக்குப் படியேறாமலே மர உச்சி. கடைசியில் 38 மீட்டர் கோபுரம், அதுவும் சாய்தளமாகவே சுற்றிச் சுற்றி மேலே போகும். இறங்குவதற்குச் சுருள் சறுக்கு இருக்கிறது. பையன் உங்களை அங்கிருந்து கிளம்ப விடமாட்டான். நடைபாதைக்குக் கட்டணம் உண்டு.

ஏரி கிடையாது, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கீழே ஆவன்மோர் ஆறு ஓடுகிறது, அதை ஒட்டிக் காட்டுப்பாதை உண்டு.

மாளிகை சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னல் 1846இல் பிறந்த வீடு. தானே நிலப்பிரபுவாக இருந்துகொண்டு நிலப்பிரபுக்களுக்கு எதிரான நிலச் சங்கத்துக்கு 1879இல் தலைவரானவர். அவர் இறந்தபின் 1904இல் எஸ்டேட்டை அரசு வாங்கி, எந்த மரம் இந்த மண்ணில் தேறும் என்று வகை வகையாக நட்டுப் பார்த்தது. அயர்லாந்தின் வனத்துறை ஆரம்பித்ததே அங்கேதான் என்பார்கள். அந்தச் சோதனைத் திட்டுகளுக்குள்தான் இன்றைக்கு நாம் நடக்கிறோம்.

நெடுந்தூரன்

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு ஒரு சந்தேகம். ஏன் எல்லோரும் எஸ்டேட் எஸ்டேட் என்றே சொல்கிறீர்கள்? 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்த நாட்டில், குத்தகைப் பணம் வசூலித்தவன் வீட்டு முன்னால் செல்ஃபி எடுப்பதற்கு எதற்கு இவ்வளவு சிரமம்? மலை இருக்கிறது, திறந்த வெளி இருக்கிறது. விக்லோ வே என்ற நெடும்பாதையில் மூன்று நாள் நடந்தால் தெரியும் அயர்லாந்து என்னவென்று.

பாதசாரி

@நெடுந்தூரன் நல்ல கேள்வி, ஆனால் தூறலின் மாமியாரை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இல்லை.

இருந்தாலும் பதில் சொல்கிறேன். மரம் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் எஸ்டேட்டுக்குப் போகிறோம். 1900களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் காடு என்று மிஞ்சியது நிலப்பரப்பில் சுமார் 1 சதவீதம். கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உருக்கும் கரிக்கும் மற்றதெல்லாம் போய்விட்டது. வயல்வெளியில் மரம் வளர விட்டால் குத்தகைதாரனுக்கு நஷ்டம், மரமும் அவனுக்குச் சொந்தமில்லை. பிரபுவின் மதில்சுவருக்குள் இருந்த ஓக் மரமும் பீச் (beech) மரமும்தான் தப்பின. அவர் வேட்டைக்கும் அழகுக்கும்தான் வைத்திருந்தார், இயற்கைப் பற்றால் இல்லை. சுவரின் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் உருளைக்கிழங்கு.

பிறகு 1903 நிலச் சட்டம் வந்தது. அரசுக் கடனில் குத்தகைதாரர்கள் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். வாடகை நின்றுபோன மாளிகைகள் தடுமாறின. 1920க்கும் 1923க்கும் நடுவில், விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், நிறைய எரிந்தன, மிஞ்சியவற்றில் சிலவற்றின் கூரையை வரிக்குப் பயந்து அவர்களே கழற்றினார்கள். காடு மட்டும் அரசு வனத்துறைக்கு வந்து சேர்ந்தது. நாம் நடக்கிற பாதைகளில் பல அந்த வீட்டுக்காரர்கள் கோச்சு வண்டி ஓட்டிய பாதைகள். அதனால்தான் அவை ஏற்றமில்லாமல், ஏரிக்கரையில் சரியான இடத்தில் சரியான வளைவோடு இருக்கின்றன.

இன்றைக்குக் காடு 11 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சிட்கா ஸ்ப்ரூஸ், வட அமெரிக்க மரம். வரிசையாக நட்டு மொத்தமாக வெட்டுவதற்கு. விக்லோ வேயிலும் அப்படிப்பட்ட தோட்டங்களுக்குள் மணிக்கணக்கில் நடக்க வேண்டி வரும், ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்காது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாழ்_கோல்வே

நெடுந்தூரன் அண்ணா சொன்னதிலும் நியாயம் இருக்குது. அந்த வரலாற்றையே பார்க்க வேணும் என்றால் அதற்கும் ஒரு பாதை உண்டு. ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க். அந்த எஸ்டேட்டில் இருந்து 1847இல் 1,490 குடியானவர்களைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். டப்ளின் வரைக்கும் ராயல் கால்வாய்க் கரையாலே நடத்திக்கொண்டு போனார்கள், பிறகு கப்பல். கனபேர் கரை சேரவே இல்லை. அதே வருசம் நவம்பரில் எஸ்டேட் சொந்தக்காரர் டெனிஸ் மேஹனைச் சுட்டுக் கொன்றார்கள்.

இப்போது அந்தப் பாதை 165 கிலோமீட்டர் நடைபாதையாக இருக்குது, தேசியப் பஞ்சப் பாதை என்று பெயர். வழியெல்லாம் வெண்கலத்தில் வார்த்த குழந்தைச் சப்பாத்துகள், முப்பதுக்கு மேல். ஒரு சோடியை நான் மழைக்குள் பார்த்தேன். உள்ளுக்குள் தண்ணி நிரம்பி, நூல் கட்டுகிற ஓட்டை எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. ஒரு அடிக்குக் குறைவான உயரம்தான். பக்கத்தில் ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கால்வாய்க் கரை என்றபடியால் முழுக்கச் சமதரை, உங்கட மாமிக்கும் சரி. டப்ளினுக்குக் கிட்ட வருகிற பகுதியில், மேனூத் பக்கத்தில் ரயிலில் இறங்கி ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டுத் திரும்பலாம். எஸ்டேட்டின் தொழுவத்தில்தான் பஞ்ச அருங்காட்சியகம் வைத்திருக்கினம். மாளிகையையும் பார்க்கலாம், மற்றப் பக்கத்தையும் பார்க்கலாம்.

நெடுந்தூரன்

இது எனக்குத் தெரியாது. நன்றி தங்கச்சி.

பாதசாரி, சிட்கா விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி: இவ்வளவு பச்சையாக இருக்கிற நாட்டில் நினைத்த இடத்தில் ஏன் நடக்க முடியவில்லை? போன மாதம் ஒரு வயல் கேட்டைத் திறந்ததற்கு ஒரு பெரியவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனாலும்.

பாதசாரி

ஸ்காட்லாந்து மாதிரி நடமாடும் உரிமை இங்கே சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தில் இருப்பதுபோல ஊருக்கு ஊர் பொதுவழியும் இல்லை. அம்பு போட்ட பாதைகளில் பல, நிலக்காரர் சம்மதித்ததால் இருப்பவை. சம்மதம் போனால் பாதையும் போகும். விக்லோ வே 1980இல் திறந்தபோது நாட்டிலேயே முதல் குறியிட்ட நெடும்பாதை. ஜே. பி. மலோன் என்பவர் வருஷக்கணக்காகப் பத்திரிகையில் எழுதி எழுதிக் கொண்டுவந்தார். அவருக்கு லாக் டே ஏரிக்கு மேலே நினைவுக்கல் இருக்கிறது. கீழே தெரிகிற ஏரியும் அதன் வெள்ளை மணல் கரையும் தனியார் எஸ்டேட், கின்னஸ் குடும்பத்துக்காரர்கள் வைத்திருந்து 2019இல் விற்றார்கள். மேலே நின்று பார்க்கலாம். இறங்க முடியாது.

வழக்கும் நடந்திருக்கிறது. ஸ்லைகோவில் லிசடெல் எஸ்டேட் பாதைகள் பொதுவழியா என்று சண்டை போட்டு, 2013இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விக்லோ வேயில் பலகை நடையில் கால் இடறி விழுந்த ஒருவருக்கு 40,000 யூரோ கொடுக்கச் சொல்லி 2016இல் தீர்ப்பு வந்தது. மறு வருஷம் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யும் வரை விவசாயிகள் பயந்துபோய் இருந்தார்கள். நம்மாள் ஒருத்தன் அவர்கள் வயலில் விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது?

அதனால் கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஆடு மேயும் நிலத்தில் நாயைக் கொண்டுபோகாதீர்கள். டிராக்டர் பெரியவருக்கு ஒரு வணக்கம். நம்ம ஊர் மாதிரிதான், முதலில் மழையைப் பற்றிப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

சும்மா_சுத்துறவன்

கில்லார்னியில் ஜூனில் ஊதாப் பூ காடு முழுக்கப் பூத்திருக்குமே, அதை யாரும் சொல்லலையே? போன தடவை எடுத்த போட்டோவுக்கு இருநூறு லைக்.

கெர்ரிக்காரன்

ரோடோடென்ட்ரான். லைக் போடாதீர்கள் சாமி. மாளிகைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது, இப்போது ஓக் காட்டையே விழுங்குகிறது. ஓக்கின் நிழலில் இது தழைக்கும், இதன் நிழலில் ஒரு ஓக் கன்றுகூட வராது. இலையில் விஷம் இருப்பதால் மானும் கடிக்காது. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். தன்னார்வலர்கள் பல வருஷம் கோடையில் வந்து வெட்டியிருக்கிறார்கள், அது ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே போகிறது. பூவைப் பார்த்தால் அதன் கீழே குனிந்து தரையையும் ஒரு தடவை பாருங்கள். வெறும் சருகு.

வந்ததற்கு மாளிகைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மாமனாருக்குப் பிடிக்கும். மக்ராஸ் மாளிகை 1843இல் ஹெர்பர்ட் குடும்பம் கட்டியது. 1861இல் விக்டோரியா ராணி வந்து இரண்டு இரவு தங்கினார். அதற்காகத் திரைச்சீலை, மேஜை, தோட்டம் என்று வருஷக்கணக்கில் தயாரானார்கள். பட்டம் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த வருஷக் கடைசியில் ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்துபோனார், ராணி துக்கத்தில் ஒதுங்கிவிட்டார், பட்டமும் வரவில்லை. குடும்பத்தின் பண நிலைமை தேறவே இல்லை, 1899இல் கைமாறியது. 1911இல் கலிஃபோர்னியத் தங்கச் சுரங்கக்காரர் வில்லியம் போர்ன் வாங்கி மகள் மாட் (Maud) என்பவளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். அவள் 1929இல் இறந்தாள். தகப்பனும் தாயும் மருமகனும் சேர்ந்து 1932இல் முழு எஸ்டேட்டையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படி வந்ததுதான்.

கிட்டத்தில் மக்ராஸ் மடம், 1448இல் ஆரம்பித்தது. கூரை போய்விட்டது, நடுமுற்றத்தில் ஒரு பெரிய யூ மரம் கூரை அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. இலவசம்.

ரதி_விக்லோ

லாக் கீ பற்றியும் ஒரு வரி. ராஸ்காமனில், டப்ளின்–ஸ்லைகோ ரயிலில் பாயில் நிலையம், அங்கிருந்து டாக்ஸி. ராக்கிங்ஹாம் என்ற பெரிய மாளிகை 1957இல் தீப்பிடித்து எரிந்தது, பிறகு இடித்துவிட்டார்கள். மிஞ்சியது வேலைக்காரர்கள் போய்வந்த சுரங்கப்பாதைகள். ஏரியிலிருந்து விறகும் கரியும் வரும்போது ஜன்னலில் நிற்கிற துரைமார்களின் காட்சி கெடக்கூடாது என்று மண்ணுக்கு அடியில் கட்டியது. இன்றைக்கு மாளிகை இல்லை, சுரங்கம் மட்டும் இருக்கிறது, அதற்குள் நடக்கலாம். ஈரமாக, குளிராக, தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருக்கும். பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நெடுந்தூரனுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தூறல்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. முடிவு இப்படி: வந்த முதல் வாரம் ரயிலில் ஆவன்டேல், ஒரே நாளில் போய்த் திரும்புவது. கால் பழகியபிறகு கில்லார்னி இரண்டு இரவு, மக்ராஸ் பாதை. மேனூத் கால்வாய்க் கரை ஒரு மாலை நேரம், பெரியவர்களிடம் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். ஸ்பின்க் மாமனாரும் நானும் மட்டும்.

கில்லார்னிக்கு ரயிலில் போனால் நிலையத்திலிருந்து மக்ராஸ் வரை எப்படி? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? காட்டில் உண்ணி கடிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

கெர்ரிக்காரன்

மான் இருக்கிற இடமெல்லாம் உண்ணி உண்டு. புல்லுக்குள் போனால் முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். ராத்திரி முழங்கால் மடிப்பு, அக்குள், பையனுக்குக் காது பின்னால் பாருங்கள். கடித்திருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக எடுக்க வேண்டும், மருந்துக்கடையில் கிடைக்கும். எண்ணெய், நெருப்பு எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போங்கள்.

ஜூனில் மான் குட்டி போடும். குட்டி தனியாகப் படுத்திருந்தால் அனாதை என்று நினைத்துத் தொடக்கூடாது, தாய் பக்கத்தில்தான் மேயும்.

ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். பல வண்டிகளுக்கு மேலோவில் மாற வேண்டும், மூன்றே கால் மணி நேரம் வரும். நிலையத்திலிருந்து மக்ராஸ் சுமார் 6 கிலோமீட்டர். போகும்போது டாக்ஸி, வரும்போது தெம்பிருந்தால் நடை. சாப்பாடு தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம், குப்பையை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். டினிஷ் குடிலில் டீ கிடைக்கும், ஆனால் திறந்திருக்கும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள், ஃப்ளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். குடை வேண்டாம், இங்கே காற்றுக்கு அது நிற்காது.

பையனுக்கு சைக்கிள் எடுக்கிறதாக இருந்தால் ஏரியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்ற வேண்டும், சைக்கிளுக்கு ஒருவழி. நடப்பவர்கள் எப்படியும் போகலாம்.